37 டிகிரிக்குக் கீழே

மருந்தியல் செய்முறை வகுப்பு உள்ள நாட்களில் விடியற்காலையிலேயே கறிக்கடையில் போய் நிற்போம். அப்போதுதான் அறுத்த கோழியின் குடலில் ஒரு சாண் வாங்கி, உப்புக் கரைசல் நிரம்பிய பாட்டிலில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வருவோம். அதில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, இரு முனையிலும் நூல் கட்டி, ஆர்கன் பாத் என்னும் கண்ணாடிக் குழாயில் தொங்கவிட வேண்டும். சுற்றிலும் வெந்நீர், உள்ளே காற்றுக் குமிழி, மேலே நெம்புகோல். மருந்தைச் சொட்டு விட்டதும் துண்டு சுருங்கும். புகை பூசிய தாளில் வெள்ளைக் கோடு ஏறும். ஒரு மார்கழி மாதம் தண்ணீரைச் சூடாக்கும் கருவி நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்குக் கோடு சோம்பலாக ஏறியது; ஏறியது இறங்கவும் மறுத்தது. ஆசிரியர் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சூடு இல்லாத ரீடிங் ரீடிங்கே இல்ல. தாளக் கழட்டு.”

குடலுக்கு அது சரி. குடல் உடம்பின் நடுவே, எப்போதும் ஒரே சூட்டில் கிடக்கிற உறுப்பு. ஆனால் முயலின் காதில் ஓடும் தமனிக்கும், எலியின் வாலில் ஓடும் தமனிக்கும், பனியில் நிற்கும் ஓநாயின் பாதத்துக்கும் 37 டிகிரி என்பது எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி. அந்த நாளங்கள் வாழ்நாளில் பெரும்பகுதியை அதற்குக் கீழேதான் கழிக்கின்றன. அவற்றைப் பற்றி நாம் அறிந்ததில் பாதியை 37 டிகிரியில் வைத்துத்தான் அறிந்துகொண்டோம். குளிருக்குப் பழகிய விலங்கின் இரத்த நாளம் அட்ரினலினுக்கும் நார்அட்ரினலினுக்கும் எப்படிப் பதில் சொல்கிறது என்ற கேள்வியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக முரணான விடைகள் குவிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த ஹார்மோன்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘மன அழுத்த ஹார்மோன்’ என்று எழுதுகின்றன. குளிர் அறையில் இருக்கும் எலிக்கு வீட்டுக் கடனும் இல்லை, மாமியாரும் இல்லை. ஆனாலும் அதன் இரத்தத்தில் இவை பெருகுகின்றன. 1936இல் ஹான்ஸ் செல்யே ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய சிறு கடிதத்தில், எலிகளுக்குக் கொடுத்த பலவகைத் துன்பங்களை வரிசைப்படுத்தும்போது குளிரையும் சேர்த்தே சொன்னார். அதற்கும் முன்னால், 1927இல், வால்டர் கேனன் குழுவினர் இதயத்தின் நரம்புகளைத் துண்டித்த பூனைகளின் வயிற்றில் குளிர்ந்த நீரைச் செலுத்திப் பார்த்தார்கள். நரம்பு இல்லாத இதயம் வேகமெடுத்தது. செய்தி இரத்தத்தின் வழியே வந்திருக்க வேண்டும். அனுப்பியது அட்ரினல் சுரப்பி. நெருக்கடி ஹார்மோன் என்று சொன்னால் குழப்பம் குறையும்.

இரண்டில் குளிருக்கு முக்கியமானது நார்அட்ரினலின். அதில் பெரும்பகுதி சுரப்பியிலிருந்து வருவதில்லை. பரிவு நரம்புகளின் நுனிகளிலிருந்து நேராக நாளச் சுவரில் சிந்துகிறது. அந்த நரம்புகளின் தூதுப்பொருள் இதுதான் என்று 1946இல் காட்டியவர் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர். அது போய் உட்காரும் இடங்கள் இரண்டு வகை என்று 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் சொன்னார்: சுருங்கச் செய்யும் ஆல்ஃபா ஏற்பி, பெரும்பாலும் தளரச் செய்யும் பீட்டா ஏற்பி. அவருடைய கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது மருந்தியல் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் சொல்லி மகிழும் கதை. தோலின் நாளங்களில் ஆல்ஃபா மிகுதி. குளிர் பட்டதும் தோல் வெளுப்பதும், சூடான இரத்தம் உள்ளே ஒதுங்குவதும் அதனால்தான்.

இதுவரை பாடப்புத்தகம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜான் ஷெப்பர்டின் ஆய்வகத்தில் 1960களின் இறுதியில் நடந்தது இதைவிடச் சுவாரசியமானது. பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த பால் வான்ஹூட்டே நாயின் காலிலிருந்து சிரைத் துண்டுகளை எடுத்துத் தொட்டியில் தொங்கவிட்டு, நார்அட்ரினலின் சேர்த்து, பிறகு வேண்டுமென்றே தொட்டியைக் குளிரவைத்தார். என் ஆசிரியர் கழட்டச் சொல்லும் தாள்களைத்தான் அவர் சேகரித்தார். தோலை ஒட்டி ஓடும் சஃபீனஸ் சிரை, குளிரக் குளிர இன்னும் இறுகியது. அதே காலில் தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடும் தொடைச் சிரையோ பிடியை விட்டது. ஒரே நாய், ஒரே கால், ஒரே ஹார்மோன், ஒரே குளிர். பதில் மட்டும் நேர் எதிர்.

இதில் வியப்பு ஆழச் சிரையிடம் இல்லை. குளிர்ந்தால் தசை சோர்வதுதான் இயல்பு. வேதிவினை எல்லாமே மந்தமாகும். நரம்பு நுனியிலிருந்து நார்அட்ரினலின் வெளிவருவதும் குளிரில் குறைகிறது. அப்படியிருக்க, குறைந்த அளவு செய்தி வந்தும், சோர்ந்த தசையை வைத்துக்கொண்டும் தோல் நாளம் அதிகமாக இறுகுகிறது என்றால், செய்தியைக் கேட்கும் காது கூர்மையாகியிருக்க வேண்டும். ஏற்பி ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் பற்று, குளிர்ந்த மாத்திரத்தில் கூடுகிறது என்று 1978இல் யான்சென்ஸும் வான்ஹூட்டேயும் எழுதினார்கள். ஆல்ஃபாவிலேயே ஒன்று, இரண்டு என்று உட்பிரிவுகள் உண்டு என்பது தெளிவான பிறகு, 1980களில் நிக்கலஸ் ஃப்ளாவஹன் வான்ஹூட்டேயோடு சேர்ந்து கணக்கைப் பிரித்தார். குளிர் ஆல்ஃபா-1இன் பதிலைக் குறைக்கிறது. ஆல்ஃபா-2இன் பதிலைக் கூட்டுகிறது. தோல் சிரையில் ஆல்ஃபா-2 நிறைய. தவிர, அங்கே ஆல்ஃபா-1 தேவைக்கு மேல் கையிருப்பில் இருப்பதால், கொஞ்சம் இழந்தாலும் இழப்பு வெளியே தெரிவதில்லை. கூட்டிக் கழித்தால் குளிர் வெல்கிறது. தொடைச் சிரையில் அந்த வசதி இல்லை.

அந்த ஆல்ஃபா-2 குளிரில் எங்கிருந்து பலம் பெறுகிறது என்பதற்கு விடை 2000ஆம் ஆண்டு வாக்கில் கிடைத்தது. சுண்டெலியின் வால் தமனியை 37 டிகிரியில் வைத்துப் பார்த்தபோது ஆல்ஃபா-2சி என்ற ஒரு வகை ஏற்பி இருப்பதாகவே தெரியவில்லை. அதை அடைக்கும் மருந்தைக் கொடுத்தாலும் ஒரு மாற்றமும் இல்லை. 28 டிகிரிக்குக் குளிரவைத்தார்கள். குளிர் கூட்டிய சுருக்கம் முழுவதும் அந்த ஒரே ஏற்பியின் வேலையாக இருந்தது. சூட்டில் அது செல்லின் உள்ளே, கோல்கி உறுப்பில், பெட்டிக்குள் மடித்து வைத்த கம்பளி மாதிரி கிடக்கிறது. குளிர்ந்ததும் செல்லின் மைட்டோகாண்டிரியா வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகிறது. அவை ரோ கைனேஸ் என்ற நொதியைத் தட்டி எழுப்புகின்றன. அது ஏற்பியைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் ரேனோ நோயைப் புரிந்துகொள்ள இந்த வழி பெரிதும் உதவியது. 1862இல் மோரிஸ் ரேனோ தம் ஆய்வேட்டில் அந்த நோயை விவரித்தபோது ஹார்மோன் என்ற சொல்லே பிறக்கவில்லை.

37 டிகிரியில் மட்டும் தேடியிருந்தால் இந்த ஏற்பி கையில் அகப்பட்டிருக்காது. அதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இன்னும் கீழே இறங்கினால் கதை மறுபடி தலைகீழாகிறது. 28, 24 டிகிரிகளில் இறுகும் நாளம், பூஜ்யத்தை நெருங்கும்போது என்ன செய்யும்? 1930இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் பனிக்கட்டி நீரில் விரலை வைத்து அளந்தார். முதலில் விரல் குளிர்ந்து வலிக்கிறது. ஐந்து முதல் பத்து நிமிடத்தில், விரல் இன்னும் நீருக்குள்ளேயே இருக்க, அது திடீரெனச் சூடேறுகிறது. பிறகு மறுபடி குளிர்கிறது, மறுபடி சூடேறுகிறது. இரை தேடி அலைவது போன்ற இந்த ஏற்ற இறக்கத்துக்கு அவர் வேட்டை எதிர்வினை என்று பெயர் வைத்தார். நானும் வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் கையை எடுத்துவிடலாம் என்று இருந்தது. ஏழாவது நிமிடத்தில் நகக்கண்ணில் ஒரு குறுகுறுப்பு. அப்புறம் யாரோ உள்ளிருந்து வெந்நீர் ஊற்றியதுபோல் விரல் சிவந்தது. வலியும் போய்விட்டது.

ஏன் அப்படி? 1963இல் சுவீடனில் பியோர்ன் ஃபோல்கோவின் குழு பூனையின் பாதத்தில் இதை ஆராய்ந்து, எளிமையான ஒரு விளக்கம் தந்தது. மிகக் குளிர்ந்த நாளத் தசைக்கு நார்அட்ரினலினைக் கேட்கும் திறனே போய்விடுகிறது. நரம்பு கத்திக்கொண்டே இருக்கிறது. தசை விறைத்துப்போய் பிடியை விட்டுவிடுகிறது. சூடான இரத்தம் பாய்கிறது; தசைக்கு உயிர் வருகிறது; மறுபடி ஹார்மோனின் பேச்சைக் கேட்டு இறுகுகிறது. இந்த விளக்கத்துக்குப் பின்னால் வேறு காரணங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. 2014இல் லண்டன் ஆய்வாளர்கள் சுண்டெலியின் பாதத்தைக் குளிரவைத்து, டிஆர்பிஏ1 என்ற குளிர் உணரி இல்லாத எலிகளில் முதலில் வரும் சுருக்கமும் பின்னால் வரும் விரிவும் இரண்டுமே குன்றிப்போவதைக் காட்டினார்கள். முதல் பாதியில் ஆல்ஃபா-2சி வேலை செய்கிறது. இரண்டாம் பாதியில் உணர்வு நரம்புகளிலிருந்து வரும் பெப்டைடும் நைட்ரிக் ஆக்சைடும். ஆக, விரிவது வெறும் செயலிழப்பு மட்டுமல்ல. திறந்துவிடுவதற்கென்றே ஓர் ஏற்பாடும் உண்டு.

இவ்வளவும் நிமிடக் கணக்கில் நடப்பவை. குளிருக்குப் பழகுவது என்பது வாரக் கணக்கு. தலைமுறை தலைமுறையாகக் குளிர் நாட்டில் வாழ்ந்து உடம்பு அமைவது வேறொரு கணக்கு. ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருந்தும் ஆய்வுக் கட்டுரைகளில் கலந்தே வருகின்றன. தமிழில் எல்லாவற்றையும் ‘தகவமைப்பு’ என்றே எழுதிவிடுகிறோம். ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றும் பல இடங்களில் ஒருவர் நிமிடத்தைப் பற்றிப் பேச இன்னொருவர் மாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

வாரக் கணக்குக்கு எலியே ஆதாரம். எலியை 5, 6 டிகிரி அறையில் மூன்று நான்கு வாரம் வைத்தால் முதலில் நடுங்கும். போகப் போக நடுக்கம் குறையும். உடல் சூடு மட்டும் குறையாது. நடுங்காமலே சூட்டை உண்டாக்கக் கற்றுக்கொள்கிறது. 1957இல் ஷியேவும் கார்ல்சனும் குளிருக்குப் பழகிய எலிக்கு நார்அட்ரினலின் கொடுத்தால் அதன் வெப்ப உற்பத்தி சாதாரண எலியைவிட வெகுவாகக் கூடுவதைக் கண்டார்கள். 1964இல் கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் ஜாக் லெபிளாங்க் இதைப் புரட்டிப்போட்டார். எலிகளைக் குளிரில் வைக்கவே இல்லை. தினமும் நார்அட்ரினலின் ஊசி மட்டும் போட்டுவந்தார். அவை குளிரைத் தாங்கப் பழகியிருந்தன. குளிர் கற்றுக்கொடுக்கும் பாடத்தின் ஒரு பகுதியை ஹார்மோனே நடத்திவிடுகிறது.

அந்தச் சூடு எங்கே உண்டாகிறது? தசையில்தான் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1978இல் ஒட்டாவாவில் டேவிட் ஃபாஸ்டரும் ஃப்ரிட்மனும் கதிரியக்க நுண்மணிகளை இரத்தத்தில் விட்டு, எந்த உறுப்புக்கு எவ்வளவு போகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். குளிருக்குப் பழகிய எலிக்கு நார்அட்ரினலின் கொடுத்தபோது, தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் ஒட்டியிருக்கும் சில கிராம் பழுப்புக் கொழுப்பு, இதயம் இறைக்கும் இரத்தத்தில் கால் பங்குக்கும் மேலாக இழுத்துக்கொண்டது. கூடுதல் வெப்பத்தில் குறைந்தது 60 சதவீதம் அங்கிருந்துதான் வந்தது. தோல் நாளத்தை இறுக்கும் அதே ஹார்மோன், கொழுப்பின் நாளத்தை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது.

திறந்தது ஹார்மோன்தானா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. 1980இல் ஃபாஸ்டர், டெபோக்காஸோடு சேர்ந்து, இல்லை என்று வாதிட்டார். நார்அட்ரினலின் கொழுப்புச் செல்லை எரியச் சொல்கிறது. எரிகிற செல்லுக்கு ஆக்சிஜன் வேண்டும். அந்தப் பசிதான் நாளத்தைத் திறக்கிறது. அடுப்பு எரிய எரிய விறகு தானாக வருகிற மாதிரி. அப்படியானால் பழகிய எலியின் கொழுப்பு நாளம் ஹார்மோனுக்குக் கூடுதலாகப் பதில் சொல்கிறது என்று எழுதுவது கண்ணுக்குத் தெரிந்த அளவில் சரி, காரணத்தில் தவறு. மாறியது நாளம் அல்ல, அது பரிமாறும் திசு. குளிரின்போது நாளத்தில் காணப்படும் எந்த மாற்றத்தையும் நாளத்தின் கணக்கிலேயே எழுதிவிடும் அவசரத்துக்கு இது நல்ல கடிவாளம்.

நாளமே மாறுவதும் உண்டு. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் மெல்வின் ஃப்ரெக்லி எலியின் வால் தோலில் வெப்பமானியை ஒட்டிவைத்து, பீட்டா ஏற்பியை மட்டும் தூண்டும் ஐசோபுரோட்டிரீனால் கொடுத்துப் பார்த்தார். குளிரில் பல வாரம் இருந்த எலியின் வால், சாதாரண எலியின் வாலைவிடக் கூடுதலாகச் சூடேறியது. சுருக்கும் செய்தி ஓயாமல் வந்துகொண்டிருக்கும்போது தளர்த்தும் பக்கம் பலப்படுகிறது. எலியின் உடலில் மயிரில்லாத ஜன்னல் அந்த வால்தான். அதை முழுக்க அடைத்தே வைத்தால் அழுகிப்போகும். வேறொரு தந்திரமும் எலிக்குத் தெரியும். குளிரில் வளர்ந்த சுண்டெலிக்கு வாலே குட்டையாகிவிடுகிறது என்று 1909இலேயே ஃபிரான்சிஸ் சம்னர் அளந்து எழுதியிருக்கிறார். நாளத்தை இறுக்குவதைவிட ஜன்னலையே சிறிதாகக் கட்டிவிடுவது.

இதே ஃப்ரெக்லி 1989இல் இன்னொன்றையும் சொன்னார். 5 டிகிரியில் சில வாரம் வைத்த எலிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயம் பருக்கிறது. அறுவை, மருந்து, பரம்பரைக் கோளாறு எதுவும் இல்லாமல் வெறும் குளிரால் வந்த உயர் அழுத்தம் என்பதால் இது ஒரு புகழ்பெற்ற மாதிரியாயிற்று. பின்னால் வந்தவர்கள் இதில் ரெனின்–ஆஞ்சியோடென்சின் ஏற்பாட்டின் கையைக் கண்டார்கள். பரிவு நரம்புகள் இடைவிடாமல் அதைத் தூண்டுகின்றன. குளிருக்கு ‘வெற்றிகரமாகப் பழகிய’ எலியும் ‘உயர் அழுத்த நோயாளி’ எலியும் ஒரே அறையில், ஒரே வாரத்தில், பல சமயம் ஒரே எலியாகவே இருக்கின்றன. ஓர் ஆய்வகம் முதல் தலைப்பில் கட்டுரை எழுதுகிறது. இன்னொன்று இரண்டாவது தலைப்பில்.

கார்டிசால் வகை ஹார்மோன்களைப் பற்றி ஒரு வார்த்தை. இவை நாளத்தைத் தாமாகச் சுருக்குவதில்லை. நார்அட்ரினலினின் பேச்சு எடுபட இவை பக்கத்தில் இருந்தாக வேண்டும். அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட எலியின் நுண் நாளங்கள் நார்அட்ரினலினுக்கு மசியாமல் போவதையும், சுரப்பியின் சாற்றைக் கொடுத்தால் திரும்ப மசிவதையும் 1951இல் ஃப்ரிட்ஸும் லெவினும் காட்டினார்கள். குளிர் அறையில் அட்ரினல் பருத்துப்போகிறது. எனவே அந்த எலியின் நாளத்தை உடலோடு வைத்துச் சோதிப்பதும், வெட்டித் தொட்டியில் போட்டுச் சோதிப்பதும் ஒன்றல்ல.

சோதிக்கும் முறைக்கு வந்துவிட்டோம். பழகிய நாளம் ஹார்மோனுக்குக் ‘கூடுதலாக’ அல்லது ‘குறைவாக’ப் பதில் சொல்கிறது என்னும்போது எதைக் கேட்கிறோம்? சுமை தூக்கும் ஆள் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் முணுமுணுத்துக் கூப்பிட்டாலே எழுந்து வருவான். ஆனால் அரை மூட்டைக்கு மேல் தூக்க மாட்டான். இன்னொருவனைக் கத்திக் கூப்பிட வேண்டும். வந்தால் இரண்டு மூட்டை தூக்குவான். முதலாவது உணர்திறன், இரண்டாவது உச்சத் திறன். ஒரே ஓர் அளவு ஹார்மோனை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளால் இந்த இருவரையும் பிரித்தறிய முடியாது. சிறிய அளவைக் கொடுத்தவர் பழகிய நாளம் கூர்மையடைந்தது என்பார். பெரிய அளவைக் கொடுத்தவர் மழுங்கிவிட்டது என்பார். இருவர் அளந்ததும் சரியாகவே இருக்கலாம்.

இதைச் சரிசெய்யப் பல அளவுகளில் கொடுத்து வளைகோடு வரைகிறார்கள். முயலைப் பல நாள் குளிரில் வைத்து, பின்னங்கால் தமனியில் பம்ப் மூலம் நிலையான அளவு இரத்தத்தைச் செலுத்தி, ஹார்மோனை ஏற்றி, அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது இந்த வகை. நல்ல முறை. ஆனால் அந்த வளைகோட்டின் உச்சத்தை ‘ஏற்பிகளின் எண்ணிக்கை’ என்றும், சரிவை ‘ஏற்பியின் பற்று’ என்றும் நொதிக் கணக்கு மாதிரி மொழிபெயர்க்கும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. தோல் சிரையின் ஆல்ஃபா-1இல் பார்த்தோமே, ஏற்பிகள் கையிருப்பில் இருக்கும். பாதியை இழந்தும் உச்சம் குறையாமல் நிற்கலாம். எண்ணிக்கை மாறாமலே, தசை தடித்ததால் மட்டும் உச்சம் ஏறலாம். ஏற்பியை எண்ண வேண்டுமானால் ஏற்பியைத்தான் எண்ண வேண்டும். வானவில் டிரவுட் மீனின் இதயத்தில் 1993இல் அப்படி எண்ணினார்கள். 8 டிகிரி நீருக்குப் பழகிய மீனின் இதயத்தில், 18 டிகிரிக்குப் பழகியதைவிட பீட்டா ஏற்பிகள் அதிகமாக இருந்தன. அட்ரினலினுக்கு உணர்திறனும் அதிகம். அங்கே இரண்டும் கைகோத்து நின்றன. எல்லா இடத்திலும் நிற்கும் என்று இல்லை.

பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட், நாளத்தின் உட்பக்கம் ஒரு செல் தடிமனில் ஒட்டியிருக்கும் உள்ளணி தளர்த்தும் பொருளை வெளியிடுகிறது என்று கண்டுபிடித்தார். அதற்கு முன்பு முயலின் தமனியை வெட்டித் துண்டாக்குகிறவர்கள், அவரையும் சேர்த்து, அந்த உள்ளணியைத் தெரியாமலே தேய்த்து எடுத்துவிட்டார்கள். எனவே 1980க்கு முந்தைய நாளத் துண்டு, பாதிக் குரல் பறிபோன சாட்சி. மேலும், இரத்த ஓட்டத்தை மட்டும் அளந்தவர்கள் குளிரில் திரவம் தடிப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெறும் தண்ணீரே 37 டிகிரியில் இருப்பதைவிட பூஜ்யத்தில் இரண்டரை மடங்குக்கும் மேல் பிசுப்பானது. ஓட்டம் குறைந்ததற்கெல்லாம் ஹார்மோன் பொறுப்பேற்க முடியாது.

இனித் தலைமுறைக் கணக்கு. 1972இல் ஹென்ஷாவும் இரு தோழர்களும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய ஆர்க்டிக் நரி, ஓநாய் ஆய்வை நான் எத்தனை முறை படித்தாலும் பாதம் கூசும். விலங்கின் பாதத்தை −35 டிகிரி திரவத்தில் வைத்தார்கள். பாத மெத்தையின் வெப்பம் சரிந்து, சரிந்து, ஏறத்தாழ −1 டிகிரியில் வந்து நின்றது. திசு உறையும் புள்ளிக்கு ஒரு நூல் மேலே. அங்கேயே நிலைத்தது. முழுக்க அடைத்தால் பாதம் உறைந்துவிடும். முழுக்கத் திறந்தால் உடம்பு உறைந்துவிடும். லூயிஸின் விரல் மேலும் கீழும் அலைந்து தேடிய இடத்தை இந்தப் பாதம் நேராகப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பூனையின் நாளத் தசை மரத்துப்போகும் குளிரில் ஓநாயின் மெத்தைத் தோலிலுள்ள நாள வலை கணக்குத் தப்பாமல் சொட்டுச் சொட்டாக இரத்தம் விடுகிறது.

பறவைகள் இன்னொரு வழியில் போயின. அண்டார்க்டிக்கின் ராட்சதப் பெட்ரல் பறவையின் பாதத்தை 1970களில் ஆராய்ந்த செல் யோஹான்சனும் மில்லார்டும், குளிரில் அதன் நாளங்கள் விரிவதற்கு நரம்பே கட்டளையிடுவதைக் கண்டார்கள். தசை களைத்துப் பிடியை விடுவதல்ல அது. திறக்கச் சொல்லும் நரம்பு. அதற்கு அந்த நரம்பு குளிரில் வேலை செய்தாக வேண்டும். 1953இல் சாட்ஃபீல்டும் லைமனும் இர்விங்கும் கடற்காகத்தின் கால் நரம்பைச் சோதித்தபோது, இறகு மூடிய மேல்பகுதியைவிட வெறுங்காலில் ஓடும் பகுதி இன்னும் தாழ்ந்த வெப்பத்திலும் செய்தி கடத்தியது. ஒரே நரம்புதான், மேலே வெப்பநாட்டு நரம்பு, கீழே பனிநாட்டு நரம்பு. ஆய்வக எலிக்கு இத்தகைய சொத்து எதுவும் இல்லை. அதனால்தான் குளிர் அறை எலியைக் காட்டி ‘குளிருக்குத் தகவமைந்த விலங்குகள் இப்படித்தான்’ என்று பொதுவாக எழுதும் கட்டுரைகளை நான் ஒரு கண்ணால் மட்டுமே படிக்கிறேன்.

மனிதனும் விலங்குதான், குழப்பத்திலும் சளைத்தவனல்ல. 1962இல் வெளியான ஓர் ஆய்வில், ஐஸ் போட்ட மீனை நாள் முழுவதும் வெட்டும் பிரிட்டிஷ் தொழிலாளர்களின் கைகள் பனிக்கட்டி நீரில் மற்றவர்களின் கைகளைவிட விரைவாக விரிந்தன. டெல்லியிலுள்ள ராணுவ உடலியங்கியல் ஆய்வகத்தின் செல்வமூர்த்தி உள்ளிட்டோர் வெப்ப நாட்டு இந்தியர்களை ஆர்க்டிக்குக்கு அழைத்துப்போய், அங்கே தங்கத் தங்கக் கையின் இரத்த ஓட்டம் எப்படித் தேறுகிறது என்று 1990களின் தொடக்கத்தில் எழுதினார்கள். பனிமலைக் காவலுக்குச் சமவெளி இளைஞர்களை அனுப்பும் நாட்டுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. ஆனால் 2008இல் மெக்யாவிச் குழு ஆட்களைத் தினமும் அரை மணி நேரம் 8 டிகிரி நீரில் கையை வைக்கச் சொல்லி 13 நாள் பழக்கியபோது, விரிவு அலைகள் கூடவில்லை, குறைந்தன. மீன் வெட்டுகிறவர் உடம்பு முழுக்கச் சூடாக, உழைத்துக்கொண்டே, வருடக்கணக்கில் கையைக் குளிரில் விடுகிறார். ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது 13 நாள் தண்டனை. பரிவு நரம்பு இந்த வித்தியாசத்தை அறியும்.

ஒட்டாவாவில் ஒலாவ் ஹேரூவும் நண்பர்களும் 1950களின் இறுதியில் செய்த ஓர் ஒப்பீடு இந்த வித்தியாசத்தை எலியிலேயே காட்டியது. வெள்ளை எலிகளில் ஒரு கூட்டத்தைக் குளிர் அறையில், கூண்டுக்கு ஒன்றாக, 6 டிகிரியில் வைத்தார்கள். இன்னொரு கூட்டத்தை வெளியே, ஒட்டாவாவின் குளிர்காலத்தில், ஒன்றாகச் சேர்த்து விட்டுவிட்டார்கள். வெளியே அதைவிடக் கடுமையான குளிர். ஆனால் உள்ளே இருந்த எலிகளுக்குத்தான் அட்ரினல் பருத்தது. காதும் வாலும் குளிரால் புண்பட்டன. வெளியே இருந்தவற்றுக்கு ரோமம் அடர்ந்து வெப்பக் காப்பு கூடியிருந்தது. காதுகள் நல்லபடி இருந்தன. பனி பெய்த இரவுகளில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மூக்கை அடுத்ததன் வயிற்றில் புதைத்துக்கொண்டு, வாலைச் சுருட்டி உள்ளே வைத்துத் தூங்கின.